கருப்பட்டியின் புதன்கிழமைகள்

ஜூன் 5, புதன்

கருப்பட்டிக்கு இன்று முதல் வேலை நாள். மாலை மூன்றரைக்குத் தொடங்கி நாலேகாலுக்கு முடித்துவிட்டோம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது பயிற்சியாளர் மகேந்திரனின் கட்டளை. அதற்கு மேல் போனால் நாய் களைத்துவிடுமாம், களைத்தால் பொறுமை போய்விடுமாம். என் மாணவர்களுக்கும் ஏறத்தாழ இதே அளவுதான்.

இந்த நோட்டை வாங்கியது ஒரு கணக்குக்காக. முதியோர் இல்லங்களுக்கு நாயைக் கூட்டிப்போனால் அங்கிருப்பவர்கள் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், ரத்த அழுத்தம் குறைகிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் கற்பிக்கிறேன். அந்தக் கட்டுரைகளில் பாதி, பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்பவை. எனவே பத்து வாரம் நானே குறித்துப் பார்க்கப்போகிறேன். மூன்று கட்டங்கள்: திரும்பிப் பார்த்தார், தொட்டார், பேசினார்.

கருப்பட்டி அம்மாவின் நாய். ஏழு வயது லாப்ரடார், பெயருக்கேற்ற நிறம். அம்மா போய் இரண்டு வருடமாகிறது. நாய் இன்னும் காலையில் அம்மாவின் அறை வாசலில் போய்ப் படுக்கிறது. எங்கள் ஊர் முதியோர் இல்லம், நாயோடு வரும் தன்னார்வலர்களைத் தேடுவதாக அதன் அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். அதற்கான குணச் சோதனையில் கருப்பட்டி முதல் முறையே தேறிவிட்டது. கழுத்தில் மஞ்சள் துணி கட்டினால் வேலை, அவிழ்த்தால் வீடு. இது அதற்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

மகேந்திரன் வாசலில் நின்று மறுபடியும் ஒப்பித்தார். "மேடம், ரூமை விட்டுக் கிளம்பறப்போ மட்டும் திரும்பிப் பாக்காதீங்க. நீங்க திரும்பினா அவளும் திரும்புவா. அவ திரும்பினா பெரியவங்க கைய நீட்டுவாங்க. அப்புறம் கிளம்பவே முடியாது. போய்ட்டு வர்றோம்னு சொன்னீங்களா, நேரா கதவு."

நர்ஸ் லிஸி பாலக்காட்டுக்காரி. நான் நாயைப் "பட்டி, வா" என்று சுருக்கிக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டுச் சிரித்து முடிக்க நேரமாயிற்று. "மேடம், எங்க ஊர்ல பட்டின்னா நாய். நாய்க்கு நாய்னு பேரு வச்ச ஆள இப்பத்தான் பாக்கறேன்."

மூன்றாம் அறை மருதாசலம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கருப்பட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங் டீச்சர், இதுக்கு ஃபுல்லுங்களா, ஹாஃபுங்களா?"

"ஹாஃப் போடுங்க."

"உக்காந்து வந்தா ஃபுல்லுங். நின்னுட்டு வந்தா லக்கேஜு." நாளிதழின் ஓரத்தைக் கிழித்து மஞ்சள் துணிக்குள் செருகினார். நாங்கள் வெளியேறும்போது விரலை வாயில் வைத்து ஒரு விசில். "போலாம் ரைட்!"

மொத்தம் ஆறு அறைகளைக் குறித்தேன். திரும்பிப் பார்த்தவர்கள் ஆறு, தொட்டவர்கள் நான்கு, பேசியவர்கள் மூன்று. புதிதாக எதைக் கொண்டுபோனாலும் முதல் நாள் இப்படித்தான் இருக்கும்.

ஏழாம் அறைக்கும் போனோம். அதை அட்டவணையில் சேர்க்கவில்லை.


ஜூன் 11, செவ்வாய்

கருப்பட்டிக்குக் குளியல், நகம் வெட்டல். தென்மேற்குக் காற்று சாரலைத் தூவிக்கொண்டே இருக்கிறது. துண்டு காயவில்லை.


ஜூன் 12, புதன்

ஏழாம் அறையை ஏன் சேர்க்கவில்லை என்று எழுதிவைப்பதுதான் முறை. ஆய்வு செய்பவருக்கு உறவுள்ள ஒருவரை மாதிரியில் சேர்க்கக் கூடாது. ஏழாம் அறையில் இருப்பவர் என் சித்தி, சரோஜினி. அம்மாவின் தங்கை. ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கழுத்தும் இடப்புறம் திரும்பாது. அதற்குப் பின் நினைவும் ஒவ்வொன்றாகக் கழன்று வருகிறது. அவர் மகன் தனசேகர் பெங்களூரில் இருக்கிறான். இங்கே சேர்த்தது அவன்தான்.

என்னைப் பெற்றவரும் அவரே. எனக்கு நாலு வயதில், பிள்ளையில்லாத தன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். அக்காவை அம்மா என்றும் பெற்றவரைச் சித்தி என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. தனசேகர் எனக்குப் பின் பிறந்தவன். அக்கா என்ற சொல் இரண்டு கணக்கிலும் பொருந்திவிடுவதால் அவனுக்குச் சிரமமில்லை.

இல்லத்தின் பதிவேட்டில் 'உறவு' என்ற கட்டத்தில் நான் 'அக்கா மகள்'. புதன்கிழமைப் பதிவேட்டில் 'தன்னார்வலர்'.

இன்று மழையால் எல்லோரும் போர்வைக்குள். ஆறு, மூன்று, இரண்டு.


ஜூன் 19, புதன்

சித்தி கருப்பட்டியைத் தொட்டார். போன இரண்டு வாரமும் பார்த்ததோடு சரி. இன்று அது தானாகவே சக்கர நாற்காலியின் வலப்பக்கம் போய்த் தாடையை அவர் மடியில் வைத்தது. வலது கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு அதன் காதைப் பிடித்துத் துணியின் தரம் பார்ப்பவர்போல இரண்டு விரலால் தேய்த்தார்.

"பேரென்ன?"

"கருப்பட்டிங்க."

"காபிக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். அம்மாவும் அவரும் ஒரே அறையில் இருந்தால் இருவரும் சிரிக்க மாட்டார்கள்.

என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க தெனமும் வருவீங்களா அம்மிணி?" என்றார்.

"புதன்கிழமை மட்டுங்க."

முன்பெல்லாம் என்னை 'வசு' என்று கூப்பிடுவார். 'வாங்க' என்பார். பெற்றவர் மகளை 'வாங்க' என்று அழைப்பதில் இருந்த தூரத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இன்றும் 'நீங்க'தான். ஆனால் இன்று அதற்குக் காரணம், நான் யாரென்று தெரியாதது. ஏனோ அது இலகுவாக இருந்தது.

மற்றவை: ஆறு, ஐந்து, நான்கு. சாரல் இல்லாத நாள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.


ஜூன் 23, ஞாயிறு

உறவினர் நேரத்தில் நாயில்லாமல் போனேன். ஒப்பீட்டுக்காக.

சித்தி கட்டிலில் படுத்திருந்தார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், தின்னவில்லை. "ஆருங்க?" என்றார். "வசுமதி. உங்க அக்கா மக" என்றேன். "அக்கா நல்லாருக்குதா?" என்றார். இருக்காங்க என்றேன். அதன்பின் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது, லிஸி, "பட்டிய கொண்டு வரலையா மேடம்? அதில்லாம நீங்க வந்தா அம்மச்சிக்கு ஆளு தெரியாது" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாள்.


ஜூலை 3, புதன்

தனசேகர் போன் செய்தான். சித்தியைப் பெங்களூருக்கு மாற்றப்போகிறானாம். அவன் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

"இங்கேயே நல்லாத்தான இருக்காங்க" என்றேன்.

"நல்லாத்தாங்க்கா இருக்காங்க. ஏதாவது ஒண்ணுன்னா நான் ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வரணும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போறேன். எனக்கே கேவலமா இருக்குது."

அவன் சொல்வதில் தவறில்லை. "நான் இருக்கிறேனே" என்று சொல்லத் தொடங்கி, "இங்க டாக்டர் இருக்கிறாரே" என்று முடித்தேன்.

"இந்த மாசம் பதினாலாம் தேதியே கூட்டிட்டுப் போயிரலாம்னு பாத்தேன். உங்க தம்பி பொண்டாட்டி விட மாட்டேங்கறா. போற எடத்துல சாமானெல்லாம் எடுத்து வைக்கறதுக்குள்ள ஆடி பொறந்துருமாம். ஆடி முடியட்டும்ங்கறா."

ஆடியில் இடம் மாறக் கூடாது என்பதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. பத்து வருடத்துக்கு முன் இதே விஷயத்துக்காக அம்மாவோடு அரை நாள் வாதாடியிருக்கிறேன். இன்று அவன் மனைவி சொல்வது சரி, பெரியவர்களை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு என்றேன்.  "அக்கா, நீங்களா இது?" என்றான்.

ஆவணி இரண்டாம் தேதி ஞாயிறு. அதுவரை ஆறு புதன்கிழமைகள்.


ஜூலை 4, வியாழன்

கல்லூரியில் வினாத்தாள் கூட்டம். கவனம் நிற்கவில்லை. எனக்கு நன்றாக நினைவிருப்பதாக நான் நம்பும் ஒன்றை எழுதிவைக்கிறேன்.

அன்னூருக்குப் பக்கத்தில் சித்தி வீடு. வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரியும் தூரம். எனக்குப் பச்சைச் சட்டை. அம்மா, அன்றுவரை பெரியம்மா, குனிந்து காதில் சொன்னார்: "திரும்பிப் பாக்காம வந்தீன்னா பஸ்ஸுல முன்சீட்டு. டிரைவர் மாமா பக்கத்துல." நான் திரும்பவில்லை. முன்சீட்டு கிடைத்தது. கண்ணாடிக்கு மேலே மாலை போட்ட ஒரு சாமி படம் ஆடிக்கொண்டே வந்தது.

அழாமல் வந்த பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். திருமணங்களில், காதுகுத்துகளில், என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போதெல்லாம் இதைச் சொல்வார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. பிறகு பள்ளியிலும் அழவில்லை, விடுதியிலும் அழவில்லை.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு எப்போதும் உண்டு. இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்து அதில் ஒன்றைக் கொடுப்பது புரிகிறது. இருந்த ஒரே பிள்ளையை எப்படிக் கொடுத்தார்? நாற்பத்தைந்து வருடத்தில் கேட்டதில்லை. அம்மா இருக்கும்வரை கேட்பது நன்றி கெட்ட செயலாக இருந்திருக்கும். அம்மா போனபின் கேட்கலாம் என்றிருந்தேன். ஐந்து மாதத்தில் சித்திக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.


ஜூலை 10, புதன்

கருப்பட்டிக்கு வயிற்றுப்போக்கு. போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக் காரணம் என்று சந்தேகம். மோர் சாதம்.

ஐந்து புதன்கிழமைகள்.


ஜூலை 11, வியாழன்

லிஸி போன் செய்தாள். நேற்று ஏழாம் அறை அம்மச்சி மூன்று மணியிலிருந்து நாற்காலியைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னாராம். ஐந்து மணிவரை அப்படியே.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல மேடம். கேட்டதுக்கு, வர்ற நேரந்தான்னு மட்டும் சொன்னாங்க."


ஜூலை 17, புதன்

ஆடி முதல் நாள். பலத்த காற்று. இல்லத்தின் வேப்பமரக் கிளை ஒன்று முறிந்து மருதாசலத்தின் ஜன்னலை மறைத்திருந்தது. "ரூட்டு பிளாக்குங் டீச்சர், சுத்தித்தான் போகோணும்" என்றார்.

சித்தி கருப்பட்டிக்காக ஒரு பிஸ்கட்டைப் புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். வேலை நேரத்தில் நாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்பது விதி. மஞ்சள் துணியை அவிழ்த்துவிட்டுக் கொடுக்கச் சொன்னேன். பிறகு கட்டிவிட்டேன். இதை மகேந்திரனிடம் சொல்லப் போவதில்லை.

இன்று எதையும் குறிக்கவில்லை. பென்சில் முனை முறிந்துவிட்டது.


ஜூலை 24, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஏழாம் அறைக்கு வழக்கம்போலக் கடைசியாகப் போனோம். சித்தி ஜன்னலோரம் இருந்தார். கருப்பட்டி மடியில் தாடையை வைத்தது. அவர் காதைத் தேய்த்தார். பெயர் கேட்டார், சொன்னேன்.

"சாது" என்றார்.

"ஆமாங்க."

"வான்னா வருது. போன்னா போயிருது. போறப்ப ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கறதில்ல, பாத்தீங்களா அம்மிணி?"

"அப்படிப் பழக்கியிருக்குங்க."

"ஆரு பழக்குனது?"

"ஒரு சார்."

"பாவி" என்றார் சாதாரணமாக. பிறகு, "உங்களுக்குக் கொழந்தைங்க?"

"இல்லைங்க. கல்யாணம் பண்ணிக்கல."

"எனக்கு ஒண்ணு இருந்துச்சு. பொம்பளப் புள்ள. நாலு வயசுல எங்கக்காளுக்குக் குடுத்துட்டேன்."

 கருப்பட்டியின் வார் என் கையில் இருந்தது. அதைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்காளுக்கு மூணு தங்காமப் போச்சு. எந்திரிக்காம படுத்தே கெடந்தா. எங்கய்யன் வந்து, உனக்கென்ன, வயசிருக்குது, இன்னும் பொறக்கும், இதைக் குடு, அவ பொழச்சுக்குவான்னாரு. சரின்னேன். வாய்தான் சரின்னுச்சு. உள்ளுக்குள்ள ஒண்ணு வெச்சிருந்தேன்."

"என்னங்க?"

"வாசலத் தாண்டிப் போறப்ப புள்ள ஒருக்காத் திரும்பி என்னையப் பாத்தாப் போதும். ஓடிப்போயிப் புடுங்கிக்குவேன். அய்யன் வெட்டுனாலுஞ் சரி, அக்கா செத்தாலுஞ் சரி. அப்புடின்னு நெனச்சுட்டு வாசப்படில நின்னேன். அடுப்புல பாலு. பொங்கி வழியற வாசம் வருது. உள்ள போகல. போனா அந்த நேரம் பாத்துத் திரும்பிருச்சுன்னா?"

"திரும்புச்சுங்களா?"

"எங்க. அக்கா கையப் புடிச்சுட்டுக் குதிச்சுக் குதிச்சுப் போச்சு. பஸ்ஸு வந்துச்சு. ஏறிப்போச்சு. ஒருக்காக்கூடப் பாக்கல." கை நாயின் காதிலேயே இருந்தது. "சரி, அதுக்கு என்னைய வேண்டாம் போலன்னு நெனச்சுட்டேன். அதுக்கு வேண்டாம்னா, அப்பறம் நா என்னத்தச் சொல்லிக் கேக்கறது?"

லிஸி மாத்திரையோடு வந்தாள். பத்து நிமிடம் முடிந்திருந்தது. நான் எழுந்தேன். போய்ட்டு வர்றோம் என்றேன். கருப்பட்டி எழுந்தது.

நேரே கதவு. நான் திரும்பவில்லை.

படியிறங்கி வண்டி வரை வந்தபின்தான் செய்தது என்னவென்று உறைத்தது. மறுபடி மேலே போகலாம். போகவில்லை. நாய்க்கு முக்கால் மணி நேரம் முடிந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.


ஜூலை 25, வியாழன்

விடைத்தாள் முப்பத்திரண்டு திருத்தினேன்.


ஜூலை 28, ஞாயிறு

அம்மாவின் பீரோவைத் திறந்து அடுக்கினேன். எதையும் தேடவில்லை. பழைய துண்டுகள் நாய்க்கு ஆகும்.

சித்தி மனதுக்குள் வைத்திருந்தது அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் படித்து வளர்ந்தவர்கள். தெரிந்துதான் முன்சீட்டைச் சொன்னாரா? அல்லது எந்தத் தாயும் சொல்வதுபோல, பிள்ளை அழக் கூடாதே என்று சொன்னாரா? எனக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்த பெண்மணி அவர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டுமா என்றும் தெரியவில்லை.

துண்டுகள் பதினொன்று.


ஜூலை 31, புதன்

தலைவலி என்று இல்லத்துக்குச் சொல்லியனுப்பினேன். கருப்பட்டி மூன்று மணிக்கே மஞ்சள் துணி மாட்டியிருக்கும் ஆணிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. ஆறுவரை நகரவில்லை. அதனிடம் காரணம் சொல்ல முடியாது.

இன்னும் இரண்டு.


ஆகஸ்ட் 7, புதன்

சித்திக்குச் சளி, தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்றாள் லிஸி. கருப்பட்டி கட்டிலுக்குக் கீழே பத்து நிமிடம் படுத்திருந்தது. நான் நின்றேன். தூங்கும்போது வாய் கொஞ்சம் திறந்து, மேல் உதட்டின் வளைவு தெரிகிறது. அந்த வளைவை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

மிச்ச நேரத்தை மருதாசலத்தின் அறையில் கழித்தேன். முப்பத்து நாலு வருட சர்வீஸ். கேட்டேன்.

"சின்னக் குழந்தைங்க அம்மாவ விட்டுட்டு வேற ஆளுங்ககூட பஸ் ஏறினா அழுவாங்களா?"

"ஏர்றப்ப அழுகாதுங் டீச்சர். பஸ்ஸுங்கறது ஒரு வேடிக்கைங்ளா? ஆரனு, விசிலு, ஜன்னலு. முன்னாடி உக்கார வெச்சுட்டாக் கேக்கவே வேண்டாம். மூணாவது ஸ்டாப்பு தாண்டிப் பாருங். அப்பத்தான் எங்கம்மா எங்கன்னு ஆரம்பிக்கும். அதுக்கப்பறம் நிறுத்தவே நிறுத்தாது. எத்தனையப் பாத்திருக்கறேன்." கருப்பட்டியின் தலையில் தட்டினார். "ஏனுங், ஆராச்சும் கொழந்தையக் கூட்டிட்டுப் போறீங்ளா?"

"இல்லைங்க. சும்மா கேட்டேன்."

முன்சீட்டு நினைவிருக்கிறது. சாமி படம் நினைவிருக்கிறது. மூன்றாவது ஸ்டாப் எனக்கு நினைவில்லை. அழாமல் வந்த பிள்ளை என்று சொன்னவர்கள் யாரும் அந்த பஸ்ஸில் வரவில்லை, அம்மாவைத் தவிர.


ஆகஸ்ட் 14, புதன்

கடைசிப் புதன்.

மற்ற அறைகளுக்கு முதலில் போகவில்லை. நேராக ஏழு. சித்தி கதவைப் பார்த்து நாற்காலியில் இருந்தார். துணிகள் ஒரு பெட்டியில் அடுக்கியாயிற்று. சுவரில் இருந்த காலண்டரைக்கூடக் கழற்றிவிட்டார்கள், ஆணி மட்டும்.

சளி போயிருந்தது, பேச்சு குறைந்திருந்தது. பெயர் கேட்கவில்லை. கருப்பட்டியின் காதை வழக்கம்போலத் தேய்த்தார். நான் சொல்ல வேண்டியதை வண்டியில் வரும்போது நாலு வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். முன்சீட்டு பற்றி. அப்படிச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள் என்பது பற்றி. வேண்டாம் என்று நினைக்கவில்லை, நாலு வயதுக்கு வேண்டும் வேண்டாம் என்பதே தெரியாது என்பது பற்றி. அவர் முகத்தைப் பார்த்தபின் அந்த வாக்கியங்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தது. அவருக்கு நான் நாய் கொண்டுவரும் அம்மிணி.

பத்து நிமிடம். எழுந்தேன். "போய்ட்டு வர்றோங்க."

"ம்."

நடந்தேன். கதவுவரை ஏழெட்டு அடி. கருப்பட்டி என் இடக்காலை ஒட்டி, தலை நிமிர்த்தி, நேரே. கதவு நிலையில் கை வைத்தேன். நின்றேன். கருப்பட்டியும் நின்று என்னை அண்ணாந்து பார்த்தது, என்ன என்பதுபோல.

திரும்பினேன்.

நாயும் திரும்பியது. சித்தி நாற்காலியில் முன்னே சாய்ந்திருந்தார். வலது கை நீண்டிருந்தது. மகேந்திரன் சொன்னது சரிதான்.

"வந்துட்டியா?" என்றார்.

'நீங்க' இல்லை.

"வந்துட்டேன் சித்தி." வேறு சொல் வாயில் பழகவில்லை. அருகில் போய் மண்டியிட்டேன். முழங்காலில் சுருக்கென்று வலித்தது. அவர் கை என் தலையில் பட்டு, காதுக்கு இறங்கி, இரண்டு விரலால் அதைத் தேய்த்தது. பக்கத்தில் கருப்பட்டி தன் முறைக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தது.

"பாலு பொங்குது பாரு. போயி அடுப்ப அணை."

"அணைச்சுட்டேன்."

"அணைச்சுட்டியா?"

"அணைச்சுட்டேன். ஒண்ணும் வழியல."

"அப்பச் சரி" என்றார்.

லிஸி வந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். எவ்வளவு நேரம் இருந்தோம் என்று குறிக்கவில்லை. முக்கால் மணிக்கு மேல்.


ஆகஸ்ட் 18, ஞாயிறு

தனசேகர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டான். வெயில் ஏறுமுன் கிளம்ப வேண்டும். மருதாசலம் நடைக்கோலோடு வாசல்வரை வந்து டிரைவர் கதவைத் தட்டிப் பார்த்தார். "டயரெல்லாம் ஓக்கேங்களா தம்பி?"

தனசேகர் சித்தியைப் பின் இருக்கையில் ஏற்றப் போனான்.

"முன்னாடி உட்கார வை" என்றேன்.

"பின்னாடின்னா சாஞ்சுட்டு வருவாங்களேக்கா?"

"முன்சீட்டு சாயும். முன்னாடியே வை."

ஏன் என்று கேட்கவில்லை. தலையணை வைத்து, பெல்ட் போட்டு, முன்னால் உட்கார வைத்தோம். லிஸி அழுதாள். சித்தி லிஸியையும் அடையாளம் காணவில்லை. கருப்பட்டிக்கு இன்று மஞ்சள் துணி கட்டவில்லை. ஜன்னலில் முன்காலை வைத்து ஏறி அவர் முழங்கையை நக்கியது. "ச்சீ, கழுதை" என்றார்.

தனசேகர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அடிக்கடி வாங்க. அம்மாவப் பாக்க" என்றான். என் அம்மாவையா, உன் அம்மாவையா என்று இதுவரை நாங்கள் பிரித்துச் சொல்லிவந்ததை அவன் இன்று பிரிக்கவில்லை. தெரிந்தே செய்தானா என்று தெரியாது. வருகிறேன் என்றேன்.

அவர்களுக்குக் கையசைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள். ஆனால் வண்டி நகர்ந்தால் நாங்கள் அவருக்குப் பின்னால் போய்விடுவோம். அந்தக் கழுத்தால் திரும்ப முடியாது. நான் வாரைப் பிடித்துக்கொண்டு, அவன் இஞ்சினை உசுப்புமுன் வேகமாக நடந்தேன். பிறகு ஓடினேன். கல்லூரியில் யாரும் என்னை ஓடிப் பார்த்ததில்லை. கருப்பட்டி இதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் பாய்ந்தது.

கேட்டைத் தாண்டி, சாலை வளையும் இடத்தில், அவர்கள் வரும் திசையைப் பார்த்து நின்றோம். வண்டி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சித்தி முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கடக்கும்வரை, அவர் எங்கும் திரும்ப வேண்டியிருக்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வலது கை கண்ணாடியை நோக்கி நீண்டது. தூரத்தில், வாசலிலிருந்து, மருதாசலத்தின் விசில்.


ஆகஸ்ட் 21, புதன்

மூன்றரைக்கு இல்லத்துக்குப் போனோம். ஆறு அறைகள். கருப்பட்டி ஏழாம் அறை முன்னால் நின்றது. கட்டிலில் புது விரிப்பு, ஆள் இல்லை. உள்ளே விட்டுக் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு வந்தது.

பத்து வாரக் கணக்கு: அட்டவணையில் மூன்று வாரம்தான் இருக்கிறது. இந்தத் தரவிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரு மாணவி இதைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சனிக்கிழமைக் காலை ரயிலுக்குப் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். கருப்பட்டியை அந்தப் பெட்டியில் ஏற்ற மாட்டார்கள். இரண்டு நாள் மகேந்திரன் பார்த்துக்கொள்வார். விசாரித்ததில் அங்கிருக்கும் இல்லத்தில் நாய்களுக்கு அனுமதியே இல்லையாம். அங்கே என்னைப் பார்த்ததும் சித்தி யாரென்று கேட்பார். என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வழியில் ஏழு மணி நேரம் இருக்கிறது.

முன்வரிசை இருக்கை கேட்டேன். பெட்டியின் நடுவில்தான் கிடைத்தது.